வலப்பக்கம் புரண்டால்

மார்ச் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

பாப்பா இரவில் அழுகிறாளா? எனக்குத் தலைசுற்றல் விடவில்லை. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் போதும், அறையே ராட்டினமாய்ச் சுற்றுகிறது. சற்று நேரத்தில் நின்றுவிடும், பயம்தான் நிற்பதில்லை. அன்று அவளைத் தூக்கிக்கொண்டு விழ இருந்தேன். நல்லவேளை, உன் அண்ணன் அவளை உன்னிடம் விட்டார். தேறியதும் ஓடி வருகிறேன்.

உன் அண்ணி

மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா அழுவதே இல்லை. "அம்மா எங்க?" என்று கேட்டால் என்னைக் காட்டுகிறாள்! நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். இந்தத் தலைசுற்றல் நரம்புத் தளர்ச்சியாம், வருஷக்கணக்கில் இழுக்குமாம். டாக்டர் டாக்டராக அலையாதீர்கள். அசையாமல் படுத்திருங்கள்.

பிரியமுள்ள நாத்தனார்

ஏப்ரல் 2

நாத்தனாருக்கு,

காது டாக்டரிடம் போனேன். தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். எல்லாம் சுழன்றது. என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பயப்படாதீங்கம்மா, இதத்தான் தேடினேன்" என்றார். காதுக்குள் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி, தலை அசைவை உணரும் குழாய்க்குள் விழுந்துவிட்டனவாம். தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பி, உடம்பையும் புரட்டி, முகம் தரையைப் பார்க்க வைத்து, பிறகு எழுப்பி உட்காரவைத்தார். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. மறுநாள் காலை வலப்பக்கம் புரண்டேன். கூரை கூரையாகவே இருந்தது. அழுதுவிட்டேன்.

அன்று, பாப்பா உன்னிடம் இருப்பதாக உன் பெயரைச் சொன்னதும் டாக்டர் கேட்டார்: "உங்க நாத்தனாருக்கு மறுபடி வரலையே? அவங்களுக்கும் இதையேதான் செஞ்சேன்."

12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை அழைத்துப்போக வருகிறேன்.

அண்ணி

ஏப்ரல் 6

அண்ணிக்கு,

ஆமாம், எனக்குத் தெரியும். நான் சுருண்டு கிடந்தபோது நீங்கள் வந்து எட்டிப் பார்த்தீர்கள். வாசலில் அண்ணனிடம், "புள்ள இல்லாதவளுக்கு வேற என்ன வேலை, நடிக்கிறா" என்றீர்கள். தலைதான் சுற்றியது, காது நன்றாகவே கேட்டது.

வாருங்கள், கதவைத் திறக்கிறேன். பாப்பா என் பின்னால் ஒளிந்துகொள்வாள். நான் எடுத்துத் தரமாட்டேன். நீங்களே பிடித்து இழுத்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார்

ஏப்ரல் 12

நாத்தனாருக்கு,

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். இழுத்தபோது சிவந்த மணிக்கட்டில் எண்ணெய் தடவினேன். வழியெல்லாம் உன்னைக் கேட்டு அழுதாள். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைப் பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அன்று நான் சொன்னது தப்புதான். மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இனி நீ இங்கே வராதே. கடிதமும் போடாதே. பாப்பாவுக்கு ஒன்றரை வயதுதான், மறந்துவிடுவாள். உன்னால்தான் முடியாது.

அவளுடைய அம்மா