ஆமையின் பக்கங்கள்

ஜூன் 3

சிட்டுவின் அம்மா அவர்களுக்கு,

இங்கு நலம். உங்கள் இருவரின் நலமறிய ஆவல்.

விவாகரத்துத் தீர்ப்பு வந்தபின் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் கழித்துவிட்ட பழைய கணினியை முதலாளி உங்களுக்குக் கொடுத்ததாகவும், அதில் தவளைக் கதை இல்லையென்று சிட்டு அழுததாகவும் என் மகன் போனில் சொன்னான். கதையின் டிஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. இத்துடன் அனுப்பியுள்ளேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டேன். கல்லூரி ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குச் செய்முறை எழுதிக்கொடுத்துப் பழகியவன், அப்படியே எழுதிவிடுகிறேன். இதில் வருபவை:

1. டிஸ்க்கைத் துடைத்தல்
2. கணினியில் ஏற்றுதல்
3. இருவர் சேர்ந்து படித்தல்
4. நான் நேரில் வரத் தேவையில்லை என்பதற்கான காரணம்

முதலாவது. மெல்லிய துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்கவும். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும்.

இரண்டாவது. டிஸ்க்கை உள்ளே தள்ளியதும் தானாகவே தொடங்க வேண்டும். பழைய கணினிகள் சில நேரம் சும்மா இருக்கும். அப்போது டிஸ்க்கின் படத்தை இரண்டு முறை தட்டி, உள்ளே 'செட்டப்' என்றிருப்பதைத் தட்டவும். கேட்கும் கேள்விக்கெல்லாம் சரி என்று சொல்லலாம். கதை ஓடும்போதும் டிஸ்க் உள்ளேயே இருக்க வேண்டும்.

மூன்றாவது. இருவர் படிக்கும் முறையில் கணினி வாசிக்காது. படிப்பவர்கள்தான் மாறி மாறி வாசிக்க வேண்டும். ஆளுக்கொரு படம் உண்டு. யார் முறையோ அவர் படம் மூலையில் மின்னும். வாசித்து முடித்து அதைத் தட்டினால், தவளை ஒரு முறை கத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகும். இங்கே சிட்டு அணில். நான் ஆமை. அங்கே ஆமையை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது. மேலே சொன்னபடி செய்தால் கோளாறு வராது என்று நம்புகிறேன். அரை நாள் பேருந்துப் பயணம் வேறு. நான் வந்து நின்றால், இவர் யார் என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். உங்களுக்கு வீண் சங்கடம்.

தவறாக ஏதும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
குழந்தையின் தாத்தா


ஜூன் 11

மாமாவுக்கு,

'அவர்களுக்கு' என்று பார்த்ததும், கரண்ட் ஆபீஸிலிருந்து வந்த கடிதமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். பத்து வருஷம் 'என்னம்மா, என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தியா' என்று கேட்டுக்கொண்டிருந்தவர் நீங்கள். அது உங்கள் நெற்றிமேலேயே இருக்கும். இப்போது என்ன புதிதாக மரியாதை?

நீங்கள் எழுதியபடியே செய்தேன். நடுவிலிருந்து விளிம்புக்குத்தான் துடைத்தேன், சத்தியமாக. கதை ஏறிவிட்டது. ஆனால் தவளை கத்தரிக்காய் நிறத்தில் வருகிறது. சிட்டு அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "தவளைக்கு ஜுரமாம்மா?" என்கிறாள். சத்தமும் துளிகூட இல்லை. முதலாளியிடம் கேட்டேன். "இன்னுமா அதை வெச்சிருக்க? கிலோ கணக்குல போட்டுடும்மா" என்று சிரிக்கிறார். கொடுத்த மனுஷனே இப்படிச் சொன்னால்?

சிட்டு பெயர்களைத் தானே தட்டிவிட்டாள். அணிலுக்கு அவள் பெயர். ஆமைக்கு 'தாத்தா'. அப்படியே விட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை மறந்துவிட்டு, சாப்பிட்டோமா இல்லையா என்று டப்பாவைத் திறந்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

சிட்டுவின் அம்மா


ஜூன் 17

சிட்டுவின் அம்மாவுக்கு,

'அவர்களை' எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன போடலாம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் சொல்.

தவளைக்கு ஜுரம் இல்லை என்று சிட்டுவிடம் சொல். திரையில் படம் ஏதும் இல்லாத இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, செட்டிங்ஸுக்குப் போ. நிறங்கள் என்ற இடத்தில் 256ஐத் தேர்ந்தெடு. நிறங்கள் அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இந்தக் கதையைச் செய்த காலத்தில் கணினிகளுக்கு அவ்வளவுதான் தெரியும். கூடுதலாகக் கொடுத்தால் குழம்பிப்போகும். எனக்கும் அப்படித்தான்.

சத்தத்துக்கு, கணினியின் முதுகுப்புறம் பார். ஸ்பீக்கர் ஒயர் பச்சைத் துளையில் இருக்க வேண்டும். நீ இளஞ்சிவப்பில் செருகியிருப்பாய் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னித்துக்கொள்.

இங்கே கணினி மேசை அப்படியே இருக்கிறது. சிட்டுவுக்கு எட்டுவதற்காக நாற்காலியில் போட்டிருந்த இரண்டு தடித்த அகராதிகளை எடுத்து அலமாரியில் வைக்க வேண்டும். வைக்கவில்லை. நேற்று ஏதோ ஞாபகத்தில் அவற்றின்மேலேயே உட்கார்ந்து, மேசை விளக்கில் தலையை இடித்துக்கொண்டேன். பெரிய அடி இல்லை.

மாத்திரையை எண்ணுவது உண்மைதான்.

தாத்தா


ஜூலை 2

மாமாவுக்கு,

இளஞ்சிவப்பில்தான் செருகியிருந்தேன்! அரை நாள் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு எப்படித் தெரிந்தது? தவளை இப்போது பச்சை. அது போட்ட முதல் சத்தத்தில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து, "குழாய் உடைஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இனி உங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு கோளாறு போகமாட்டேன் என்கிறது. நான் கடையிலிருந்து வந்து அடுப்படியில் நிற்கும்போது சிட்டு கதையைப் போடுகிறாள். அணிலின் பக்கத்தை அவள் வாசிப்பது கேட்கும். தவளை கத்தும். பிறகு எல்லாம் நின்றுவிடும். வெகுநேரம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு தவளை கத்தும், சிட்டு அடுத்ததை வாசிப்பாள். ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் இப்படி. ஆமை மின்னும் பக்கங்களில்தான் நிற்கிறது; அணிலின் பக்கத்தில் நிற்பதே இல்லை. "என்னடி, நின்னுடுச்சா?" என்று கேட்டால், "ஷ்ஷ், இரும்மா, வரும்" என்கிறாள். குழந்தைக்கு இருக்கிற பொறுமை எனக்கு இல்லை. ஒரு நாள் கணினியின் தலையில் ரெண்டு தட்டு தட்டலாம் என்றுகூடப் போனேன். "அடிக்காதம்மா, பாவம்" என்று குறுக்கே நின்றுகொண்டாள்.

இது எதனால் மாமா?

சிட்டுவின் அம்மா


ஜூலை 8

அம்மா,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நேரில் பார்க்காமல் சொல்வதால் உறுதியாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும், தோன்றியவை:

ஒன்று. டிஸ்க்கில் அந்தப் பக்கங்கள் இருக்கும் இடத்தில் கீறல் இருக்கலாம். சாய்த்து வெளிச்சத்தில் பார். இருந்தால் அது என் கவனக்குறைவுதான். நீங்கள் போனபிறகு அதை உறையில் போடாமல் மேசையிலேயே வைத்திருந்தேன்.

இரண்டு. பழைய கணினிக்கு இரண்டு பேர் கணக்கை வைத்துக்கொள்வது பாரமாக இருக்கலாம். கதை ஓடும்போது வேறு எதையும் திறந்து வைக்காதே.

மூன்று. இவற்றில் எதுவும் பலிக்காவிட்டால், ஆமையை எடுத்துவிடு. தொடக்கப் பக்கத்தில் அதன் படத்தை இழுத்துக் குப்பைக்கூடையில் போட்டால் பெயரும் போய்விடும். பிறகு சிட்டு தனியாளாகப் படிக்கலாம். கணினியே வாசித்துக் காட்டும். நிற்காமல் ஓடும். ஆமை எங்கே என்று அவள் கேட்பாளோ என்று தயங்காதே. சிறு பிள்ளைகளுக்குத் தங்கள் படம் இருந்தால் போதும். இன்னொரு படம் இல்லாமல் போனதைக் குழந்தை கவனிக்காது.

நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

தாத்தா


ஜூலை 19

அன்புள்ள மாமாவுக்கு,

கீறல் இல்லை. வேறு எதையும் திறந்தும் வைக்கவில்லை. ஆகவே நேற்று உங்கள் மூன்றாவது வழியைச் செய்வதென்று உட்கார்ந்தேன். எதற்கும் எங்கே நிற்கிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாம் என்று, சிட்டுவைப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்தேன்.

அணிலின் பக்கத்தை வாசித்தாள், தட்டினாள். ஆமை மின்னத் தொடங்கியது. கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றது கணினி இல்லை மாமா.

"தட்டேண்டி."

"இரும்மா. தாத்தா படிக்கிறாரு."

"தாத்தா இங்க இல்லியே."

"தெரியும். ஆனா அவரோட பக்கமாச்சே. நானே தட்டிட்டா அவருக்குக் கதை புரியாது."

"எவ்வளவு நேரம்டி?"

"அவரு மெதுவாத்தான் படிப்பாரு. நடுவுல மூக்குக்கண்ணாடியத் தொடைப்பாரு. அதுக்கும் சேர்த்து இருக்கணும்."

நான் ஆமையை எடுக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். எதற்கென்று கேட்காதீர்கள்.

உங்கள் மகனோடு எனக்கு முடிந்தது முடிந்ததுதான். அதில் மாற்றமில்லை. ஆனால் உங்களோடும் முடிந்ததென்று நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. நீங்களாகவே ஒதுங்கி நின்றுகொண்டீர்கள். உங்களுக்கு வர விருப்பமில்லையோ என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

மாடிவீட்டுக்காரர் யாரென்று கேட்டால், "எங்க மாமா" என்பேன். அதற்குமேல் கேட்டால் கதவைச் சாத்துவேன். சனிக்கிழமை எனக்கு அரை நாள் கடை. வாருங்கள். சிட்டுவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் வராவிட்டால் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

உங்கள் மருமகள்


ஜூலை 23

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் பார்த்தபிறகுதான் என் முதல் வரியை எழுதத் துணிந்தேன்.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் இடம் எடுத்துவிட்டேன். மதியத்துக்குள் வந்துவிடுவேன். சிட்டுவிடம் சொல்லிவிடு.

ஆமையின் பக்கங்களில் இரண்டு வரிகளுக்குமேல் கிடையாது. எனக்கு எல்லாம் மனப்பாடம். நான் அவ்வளவு மெதுவாகப் படிப்பவன் அல்ல. கதை முடிந்தால் அவள் நாற்காலியிலிருந்து இறங்கி ஓடிவிடுவாளே என்று ஒவ்வொரு சொல்லாக இழுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்ததும் அதற்காகத்தான். அது முழுவதையும் அவள் என் வேகம் என்று நம்பி, தன் மாலைப் பொழுதிலிருந்து எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறாள்.

போன கடிதத்தின் மூன்றாவது குறிப்பில், குழந்தை கவனிக்காது என்று எழுதியிருந்தேன். அது தவறு.

மாமா