நான்கு சில்லும் ஒரே அளவு

டயர் மாற்றும் கடையில் என் முறைக்காக நிற்கிறேன். ஒக்டோபர் முடிகிறது, ஒஸ்லோ முழுவதும் குளிர்கால டயருக்கு மாறிக்கொண்டிருக்கிறது. புது ரப்பர் மணக்கிறது. இந்த மணத்தில் மற்றவர்களுக்கு என்ன நினைவு வருமோ தெரியாது. எனக்கு நீ வருகிறாய், அந்தச் சின்ன டிராக்டரில் உட்கார்ந்தபடி.

புத்தாயிரம் பிறந்த கையோடு, நகரின் புருசெத் பகுதியில் எங்கள் குடியிருப்பின் பனி வழிக்கும் வேலையை நீ கேட்டு வாங்கினாய். அதுவரை ஒரு கம்பனியின் பெரிய இயந்திரம் செய்த வேலை. நிர்வாகக் குழுவில் இருந்த ஒரே தமிழன் என்ற முறையில் நான் உனக்காகப் பேசினேன். குழுத் தலைவர் பரீட்சித்துப் பார்க்கலாம் என்றார். வேலை நிலைத்தால் மற்றவர்களின் கந்தோர் அறைகளைக் கழுவும் வேலையை விட்டுவிடலாம் என்பது உன் திட்டம். "ஒரு வேலையெண்டாலும் எனக்கு மேல ஆள் நிக்காமல் செய்யோணும், மச்சான்."

அதற்கென்று நீ வாங்கிய சின்ன டிராக்டரில் இருந்தது சேற்றுக்கென்று செய்த டயர். முதல் நாள் உறைபனியிலேயே அது கட்டட வாசலுக்குப் போகும் ஏற்றத்தில் பாதி போய், மரியாதையாகப் பின்னோக்கி வழுக்கி இறங்கியது. எங்கள் ஆட்கள் கார் போனாலும் அதன் குளிர்கால டயரை எறிவதில்லை. உன் பழைய காரின் நான்கும் நிலவறையில் இருந்தன. பக்கத்து ட்வெய்ட்டாவில் இரும்பு ஒட்டு வேலை தெரிந்த ஒருவரைப் பிடித்து, நான்கையும் டிராக்டரில் மாட்டிவிட்டாய். பின்னுக்குப் பெரிய சில்லுகளோடு நிமிர்ந்து நின்ற வாகனம் குந்திவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்து வந்தவர்கள் விடவில்லை.

"உதென்னடாப்பா, அடைகாக்குதோ?"

"குஞ்சு பொரிச்சா உங்களுக்கும் ஒண்டு தாறன், அண்ணை."

நான் கேட்டேன்: "நாலு சில்லும் இழுக்கிற மெசின். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு கணக்கு இருக்குமெல்லே?"

"நாலும் ஒரே அளவெண்டா ஏன் சண்டை வருது?"

சமத்துவம் பற்றி இந்த நாடு எங்களுக்கு எடுத்த வகுப்புகளை அவ்வளவு உண்மையாக நம்பியவன் நீ ஒருவன்தான். பல்லுச்சக்கரங்களோ, முன்சில்லு சின்னது, அது வேகமாகச் சுற்றவேண்டும் என்ற பழைய ஏற்பாட்டிலேயே இருந்தன. பனிக்கட்டியில் அந்த இழுபறி தெரியவில்லை. சில்லுகள் சற்று வழுக்கிச் சமாளித்தன.

திங்கள் காலை தலைவர் பார்க்க வந்தார். அவர் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது, மேலே நின்ற நான் பார்த்தேன்: டிராக்டர் ஏறியது. நிற்காமல், பனியை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு, உச்சிவரை. அவர் நடந்து வந்து சேர்ந்தபோது நீ கட்டட வாசலில், அடியில் சூடேற்றி உலரவைத்த கொங்கிறீட் தரையில் திரும்பிக்கொண்டிருந்தாய். அங்கே எந்தச் சில்லுக்கும் வழுக்க வழியில்லை. முன் அச்சுக்குள் ஏதோ வெடித்தது. அவர் கண்டது அதைத்தான்.

மிச்சப் பனியை நீ கைச் சவளால் வழித்தாய். அடுத்த வாரம் கம்பனி திரும்பி வந்தது. நீ கடைசிவரை கந்தோர்தான் கழுவினாய். குழு என்ன பேசியது என்று நீ கேட்டதே இல்லை. கேட்டது ஒன்றுதான்:

"ஏத்தம் ஏறினதைப் பாத்தனிதானே?"

"ஓம்."

உன் செத்தவீட்டிலும் அந்தக் கதை வந்தது. வெடித்ததைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள், நல்ல சிரிப்புத்தான். இடையில் நான், "அது ஏறினது" என்றேன். யாரும் கவனிக்கவில்லை. ஏறியது தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். இப்போது நான் மட்டும்.