எர்த் பெட்டி

பிப்ரவரி 6
சின்னு, இன்றுதான் லாண்டரிக்குத் திரும்பப் போனேன். இஸ்திரிப் பெட்டியைத் தொட முடியவில்லை. கை தானாக இழுத்துக்கொள்கிறது. “வீட்டுக்குப் போங்கக்கா” என்றாள் பக்கத்து மேசைக்காரி. வீட்டில் என்ன இருக்கிறது? நீ துடைக்கப் போய் தொட்டு ஷாக் அடித்த ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. தம்பியை முழுங்கின சனியன்.

பிப்ரவரி 9
காதுக்காரர் வந்தார். பாட்டு செட்டுக்கென்று உனக்கு ஒயர் ஒயராக விற்ற அந்த ஆள்தான். செட்டை வாங்க ஒருவர் இருக்கிறாராம். பக்கத்தில் இருந்த மரப்பெட்டி என்னவென்று கேட்டேன்.
“எர்த் பெட்டிக்கா. ஆம்ப்ல இருந்து ஒரு ஒயர் இதுக்குள்ள போகும். பாட்டு சுத்தமாயிடும்.”
“உள்ள என்ன?”
“மண்ணு. சாதா மண்ணு இல்லக்கா.”
“இங்கருந்து ஒயர் எங்க போகுது?”
“எங்கயும் போகாது. அதான் விசேஷம்.”
தரையைத் தொடாத எர்த்!

பிப்ரவரி 10
பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். ஷாக் அடிக்காமல் காக்கிற எர்த் பின்னை யாரோ அறுத்திருக்கிறார்கள். லாண்டரியில் அது ஆடினாலே மேஸ்திரி இஸ்திரிப் பெட்டியைத் தொட விடமாட்டார். காதுக்காரருக்கு போன் போட்டேன்.
“நான்தான் அறுக்கச் சொன்னேன். ம்ம்ம்னு இரைச்சல் வந்துச்சு. வீட்டு எர்த்ல அழுக்கு வரும்க்கா. அதுக்குப் பதிலாத்தான் பெட்டி.”
“ஊரார் அழுக்குல சோறு தின்றவ நான். எந்த அழுக்குய்யா ஆளைக் கொன்னுச்சு?”
“விதிக்கா.”
விதியா வந்து பின்னை அறுத்தது? மண்ணை விற்று என் வாயில் மண்ணைப் போட்டுவிட்டு விதியாம். இதே பிளக்கோடு செட்டு இன்னொரு வீட்டுக்குப் போகுமாம். போய்டுமா? பார்க்கிறேன்.

பிப்ரவரி 12
எர்த் பெட்டியைத் தெருவில் கவிழ்த்தேன். சாதா மண்தான்.

பிப்ரவரி 15
காதுக்காரர் செட்டை வாங்குகிறவரோடு வந்தார். வந்தவருக்கு உன் வயசு. பிளக்கை அவர் கையில் கொடுத்து, “இதுலதான் என் தம்பி செத்தான்” என்றேன்.
“அக்கா, வியாபாரத்தைக் கெடுக்காதீங்க” என்றார் காதுக்காரர்.
“வெளிய போடா.”
காதுக்காரர் செருப்பைத் தேடிக்கொண்டு போனார். மற்றவர் நின்றார். பிளக்கை விடவில்லை.
“என் வீட்டுலயும் இப்படித்தான்க்கா அறுத்து வச்சிருக்கேன்.”
“அறிவு இருக்கா? ஓடுங்க, போய் மாத்துங்க!”
உன்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் அவரைத் திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 22
எலக்ட்ரீஷியன் வந்து ஆம்ப்ளிஃபயருக்குள் தீய்ந்திருந்த ஒயரை மாற்றினார். எர்த்தோடு புது பிளக் போட்டார். பாட்டு வைத்தேன். உனக்குப் பிடிக்காத அந்த ம்ம்ம் இரைச்சல் வந்தது. ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் கேட்கிறது.
ஏண்டா, இதைக்கூடவா உன்னால் பொறுத்துக்க முடியல?