வேலியில் பறித்த பூ

மதுரை
14.10.1938

அன்புள்ள செல்லத்தாய்க்கு,

நலம். அழகர்கோவில் கருப்புக்கு நேர்ந்துவிட்ட கிடா செத்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. "பால் வடியுற கொடியப் பூவோட ஆட்டுக்குப் போட்டு ஒம் பொண்டாட்டி கொன்னுட்டா" என்கிறாள் அம்மா. நீயோ ஒரு வார்த்தை பேசாமல் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாய். நான் யாரை நம்புவது?

நான் வேலை பார்க்கும் காலேஜில் செடிப் பாடம் நடத்தும் சாம்பசிவ ஐயர், பார்த்ததும் பெயர் சொல்லிவிடுவார். அந்தக் கொடி எழுமலையிலும் இருக்குமே. பூவும் இலையும் அனுப்பு.

தவசி

எழுமலை
19.10.1938

அன்புள்ள மச்சானுக்கு,

சாப்பிட்டாயா என்று ஒரு வரி இல்லை. போகட்டும்.

கண்மாய்க்கரை வேலியில் பறித்தது இத்துடன் இருக்கிறது. வெள்ளைப் பூ, உள்ளே ஊதா ரேகை. கிள்ளினால் பால் வருகிறது. வருஷா வருஷம் அறுத்தெறிந்தாலும் அதே வேரிலிருந்து தழைக்கிறதாம்.

செல்லத்தாய்

மதுரை
25.10.1938

செல்லத்தாய்க்கு,

ஐயரே குழம்பிப்போனார். பூ ஒரு கொடியாம், இலை வேறு கொடியாம். அகலமான இலை வேலிப்பருத்தி என்கிறார்; அதனதன் இலையில்லாமல் பூவுக்குப் பெயர் சொல்லமாட்டாராம். "ஏம்ப்பா, உன் ஆம்படையா விளையாடறாளா?" என்று கேட்டார். வேண்டுமென்றே மாற்றி அனுப்பினாயா? எனக்குத் தலை சுற்றுகிறது.

தவசி

எழுமலை
29.10.1938

மச்சானுக்கு,

ஒரே வேலியில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. இரண்டிலும் பால். நான் என்ன கண்டேன்? இம்முறை பூவோடும் இலையோடும் ஒரே தண்டாக அறுத்து அனுப்பியிருக்கிறேன்.

செல்லத்தாய்

மதுரை
5.11.1938

என் அன்புச் செல்லத்தாய்க்கு,

ஊசிப்பாலை! இலை ஊசிபோல ஒல்லியாம். விஷமே இல்லையாம், அதன் காயை மனிதர்களே தின்பார்களாம். புத்தகத்திலும் காட்டினார். ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "சரி, கூட்டிட்டு வா" என்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை வருகிறேன். மூட்டையைக் கட்டி வை.

உன் தவசி

எழுமலை
9.11.1938

மச்சானுக்கு,

சந்தோஷம். ஐயரைக் கேட்டீர்கள், புத்தகத்தைக் கேட்டீர்கள். "நீ அந்தக் கொடியைப் போட்டாயா?" என்று என்னை ஒரு தடவை கேட்கவில்லை. கேட்பீர்கள் என்றுதான் அத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிடாவுக்கு என் கையால் அகத்திக்கீரை தவிர எதுவும் போட்டதில்லை. அது ஏன் செத்தது என்று எனக்கும் தெரியாது.

பூவில் விஷம் இருந்திருந்தால் இந்த வெள்ளிக்கிழமை வருவதாக எழுதியிருப்பீர்களா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், எனக்குப் புரியவில்லை. அது புரிகிறவரை நீங்கள் வர வேண்டாம்.

செல்லத்தாய்