சுடுகிற மணல்

ஏப்ரல் 16, புதன்

சாயங்காலம் மகள் ஸ்டெல்லா கடற்கரையிலிருந்து போன் செய்தாள். ஆமை முட்டைகளை எடுத்து வந்து வேலிக்குள் புதைத்துக் காப்பது அவள் வேலை. கடல் ஏறி வந்து பாதிக் கரையைத் தின்றுவிட்டதாம். மிச்ச மணலும் கொதிக்கிறதாம்.

"முட்டை குழியிலயே வெந்துடுதுப்பா. இந்தச் சூட்டுல தப்பி வர்றதும் பூரா பொட்டைக் குஞ்சுதான். நாளைக்கு ஜோடிக்கு எங்க போவும்? நீங்க மைன்ல அந்தச் சூட்ட எப்படித் தாங்குனீங்க?"

"இன்னாத்த தாங்கறது? ஷிப்ட் முடிஞ்சா கேஜ்ல ஏறி மேல வந்துடுவோம்மா," என்றேன்.

குழிகள் மேல் ஈரக்கோணி போடணும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். முட்டைக்கு ஏது கேஜ்? என் வாய்க்கு அறிவே கிடையாது.

பாலகாட் சுரங்க ஷாஃப்டில் மேலே வந்து கேஜ் கூண்டின் கதவு திறந்ததும் முகத்தில் மோதும் அந்தக் காற்றுக்கு ஈடே இல்லை. அப்படியும் வீடு வந்து சேர்ந்தபிறகும் உடம்பு தணியாது. குப்புறப் படுப்பேன். ஆறு வயது ஸ்டெல்லா என் முதுகில் ஈரத்துண்டு போட்டுக் கை வைத்துப் பார்ப்பாள். "இன்னும் சுடுதுப்பா" என்பாள். துண்டை மறுபடி நனைத்து வருவாள். முதுகு ஆறும்வரை எழுந்து போனதே இல்லை.

மணல் ஆறுவதாக இல்லை. அவளும் எழுந்து போகமாட்டாள்.