கடலடி மலைக்கு ஒரு பிளெக்ஸ்

தாராபுரம்
9.2.2025

கடல்மேல் இருக்கும் என் லின்சிக் கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உனக்கு வாந்தி நின்றதா? நீ அனுப்பிய நாலு வரி மெயில் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. கடலுக்கடியில் யாருக்கும் தெரியாத எரிமலை! காது குத்துக்கே பிளெக்ஸ் வைக்கிற ஊரில் இதற்கு வைக்காமல் இருப்பேனா? 'ஆழ்கடல் எரிமலையைக் கண்டுபிடித்த எங்கள் லின்சி' என்று உன் படத்தோடு சர்ச் வாசலில் ரோட்டைப் பார்த்து வைத்துவிட்டேன்.

பூசைக்கு வந்த ஞானாபரணம், "ஏனுங்க சைமன், தண்ணிக்குள்ள நெருப்பு அணைஞ்சு போகாதுங்களா?" என்று மடக்கினார். மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன். விவரமாக எழுது.

பிளெக்ஸ் படத்தை உங்கள் ஆராய்ச்சிக் கப்பலின் பொது முகவரிக்கே அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் பார்க்கட்டும்.

உன் அப்பா,
சைமன்


கப்பலிலிருந்து
13.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அது நெருப்பு இல்லை அப்பா, உருகிய பாறை. கடல் தரை நடுவில் பிளந்து, நகம் வளரும் வேகத்தில் இரண்டு பக்கமும் விலகுகிறது. அந்தப் பிளவில் கீழேயிருந்து பாறைக்குழம்பு ஏறி வரும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் மேல்தோல் இறுகிவிடும். உள்ளே இருப்பது தோலை உடைத்துக்கொண்டு அடுத்த உருண்டையாகப் பிதுங்கும். தலையணைகளைக் குவித்த மாதிரி சேர்ந்து சேர்ந்து மலையாகிறது. கடலின் புதுத் தரையே இப்படித்தான் உண்டாகிறது.

பிளெக்ஸை இன்றே கழற்றிவிடுங்கள். அந்த மலையைக் கண்டது நானில்லை. என் அறைத்தோழி சண்முகப்ரியா. கருவியின் திரையில் அவள் அதைப் பார்த்தபோது நான் வாந்தியெடுத்துப் படுத்திருந்தேன். கப்பல் கண்டுபிடித்தது என்றுதானே எழுதினேன்? நீங்கள் அனுப்பிய படத்தை எல்லோர் முன்னாலும் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். சிலர் கைதட்டினார்கள். ப்ரியா, "போட்டோ நல்லாருக்குது லின்சி" என்றாள். அதன்பிறகு சாப்பிட என் மேசைக்கு வருவதில்லை. நான் சொல்லித்தான் வைத்தீர்கள் என்று நினைக்கிறாள். வெட்கமாக இருக்கிறது அப்பா.

லின்சி


தாராபுரம்
16.2.2025

லின்சிக்கு,

கழற்றிவிட்டேன். இன்று பூசை முடிவில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். அதோடு தீர்ந்திருந்தால் பரவாயில்லை.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் காங்கேயத்திலிருந்து கதிரேசன் என்று ஒருவர் தேடி வந்தார். எண்ணெய் மில்லில் வேலை. பஸ்ஸிலிருந்து பிளெக்ஸில் உன் பெயரைப் பார்த்து இறங்கிவிட்டாராம். "எம்பொண்ணு சண்முகப்ரியாவும் அதே கப்பல்லதானுங்க. உங்க பொண்ணு கண்டுபுடிச்சதை அவளும் பார்த்திருப்பாளுங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். "கூட இருக்கறவங்க பார்க்காம இருப்பாங்களா" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

நேற்று காங்கேயம் போய் அவர்கள் வீட்டு வாசலிலேயே சொன்னேன்: "கண்டுபுடிச்சது உங்க பொண்ணுங்க. என்னை மன்னிச்சுப்போடுங்க."

அவர்களுக்கு அது தெரியவே தெரியாது கண்ணு. அந்தப் பெண் நேரில் வந்து சொல்லலாம் என்று இருந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்கப் போய் அதையும் நானே சொல்லித் தொலைத்தேன். கதிரேசன் கோபப்படவில்லை. சம்சாரத்தைக் கூப்பிட்டு, "இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். சொன்னேன். எனக்குக் கூசிப்போனது.

கிளம்பும்போது அந்த அம்மா சொன்னார்: "அவ வந்து சொல்றப்போ புதுசாக் கேக்கற மாதிரியே கேட்டுக்கறோமுங்க. நீங்க வந்ததைச் சொல்லிப்போடாதீங்க."

தப்பு முழுக்க என்னுடையது என்று ப்ரியாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். காங்கேயம் போனதை அதில் எழுதவில்லை. நீயும் வாயைத் திறக்காதே. அதையாவது அவளே சொல்லட்டும்.

அப்பா