கயிற்றுப் பலகை

6 ஜூலை 1957, சனி

மழை. வீடு முழுக்க ஈரத்துணி வாடை. காலையிலிருந்து கைமிஷினைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். நாலு பாவாடை, ஒரு ஜன்னல் திரை. மிதிக்கிற மிஷின் எனக்கு ஆகாது. மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப் போயின. கை மட்டும் கொல்லன் கை என்று சேதுபதி அண்ணன் சொல்வான்.

தைத்த திரையை ஜன்னலில் மாட்டியதும் காற்றில் உப்பியது. கொஞ்ச நேரம் மலாக்காவில், காஜா பெராங் தெருவில் இருக்கும் எங்கள் வீடே மெல்ல நகர்வதுபோல் இருந்தது. அண்ணனின் லாரியில் உட்கார்ந்தபடி எத்தனையோ கப்பல்களைப் பார்த்துவிட்டேன். ஒன்றிலாவது ஏற வேண்டும். யாரிடம் சொல்வது?

14 ஜூலை, ஞாயிறு

ஆற்றோரம் கரிக்கடை வைத்திருக்கும் அப்பாசாமி மாமா ஒரு கிழிந்த கப்பல் பாயைக் கொண்டுவந்து போட்டார். சுமத்ராவிலிருந்து கரி ஏற்றிவரும் இரட்டைப் பாய்மரக் கப்பலுடையது. பாய் தைக்கிற ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டானாம். "தடிச்ச துணிம்மா, கையாலதான் தைக்கணும். உன்ன விட்டா யாரு இருக்கா?"

கூடம் முழுக்கப் பாய். அடுப்படிக்குப் போக வழியில்லை என்று கோகிலா அண்ணி முணுமுணுத்தாள். கப்பல் தலைவர், நக்கோடா இட்ரிஸ், என் எதிரே தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தோலைக் கட்டி ஊசி தள்ளும் விதத்தைக் காட்டினார். பாய்வேலை தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை. அவர் என் காலைப் பார்க்கவே இல்லை. தையலைத்தான் பார்த்தார்.

21 ஜூலை, ஞாயிறு

அசடு நான். திரை மாதிரி நேராக வெட்டித் தைத்துவிட்டேன். நக்கோடா கையால் தடவிப் பார்த்து, காற்று உட்காரப் பாயின் நடுவில் உப்பலாக ஒரு வயிறு வேண்டும் என்றார். ஜாக்கெட்டுக்கு டக் பிடிக்கிற பிள்ளைக்கு இது தெரியாமல் போயிற்றே. அத்தனையும் பிரித்தேன்.

28 ஜூலை, ஞாயிறு

பாய் முடிந்தது. கூலியாக என்ன வேண்டும் என்று நக்கோடா கேட்டார். யோசிக்கவே இல்லை, வாய் சொல்லிவிட்டது: "நான் கப்பலில் வரணும்."

"போலே," என்றார். ஆகும். அவ்வளவுதான், மழை வருமா என்று கேட்டதுபோலப் பதில்.

அண்ணன்தான் குதித்தான். "கடலுக்கா? அங்க உன்ன யாரு தூக்குறது?"

தூக்குறது, தூக்குறது — இருபத்தாறு வயசாச்சு எனக்கு. கோயிலுக்குத் தூக்கு, கல்யாண வீட்டுக்குத் தூக்கு, மூட்டை மாதிரி முதுகுல போட்டுக்கிட்டுப் போ. கேட்டேனா நான்? நல்லவன்தான். அவன் நல்லவனாக இருக்கிறதாலேயே திட்டக்கூட முடியவில்லை. பாயில் முகத்தை வைத்து அழுதேன்.

29 ஜூலை

காலையில் அண்ணன் காபிகூடக் குடிக்காமல் லாரியை எடுத்துக்கொண்டு போனான். நானும் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மிஷினைச் சுற்றினேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

நக்கோடா ஒரு பலகையும் கயிறும் கப்பியும் கொண்டுவந்தார். பாய்மரத்துக்கு எண்ணெய் பூச அவருடைய ஆட்கள் ஏறுவது இதில்தானாம். பலகையில் உட்கார்ந்து, கயிற்றைத் தானே இழுத்துக்கொண்டு மேலே போக வேண்டியது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ரம்புத்தான் மரத்தில் கட்டிக் காட்டினார்.

உட்கார்ந்தேன். இழுத்தேன். தரை என்னைவிட்டு இறங்கிப் போனது. அண்ணனுடைய தலைக்கு மேலே, ஓட்டுக்கூரைக்கு மேலே. தூரத்தில் வெளுப்பாக ஒரு கோடு. கடலோ, வெறும் வெளிச்சமோ. இறங்கவே மனமில்லை.

கீழே அண்ணன் இரண்டு கையையும் ஏந்தியபடி நின்றான், விழுந்தால் பிடிக்க. கடைசியில், "நானும் கூட வருவேன். அப்படின்னா போ," என்றான்.

31 ஆகஸ்ட், சனி

சுதந்திரம். தெருவெல்லாம் கொடி. ஊர்வலம் பார்க்க முதுகில் தூக்கிப்போகிறேன் என்றான் அண்ணன். வேண்டாம் என்றேன். ஜன்னலோரமே உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டேன். நாளைக்குத்தான் கப்பல். இன்றைக்குச் சுற்றினால் நாளைக்குக் கயிறு இழுக்கும்போது கை வலிக்கும் என்று மிஷினைக்கூடத் தொடவில்லை.

1 செப்டம்பர், ஞாயிறு

ஏறினேன். பலகையில் உட்கார்ந்து, நானே கயிற்றை இழுத்துக் கப்பலில் ஏறினேன். நான் தளத்தில் உட்கார்ந்தபின்தான் அண்ணன் ஏறி வந்தான்.

என் பாய் விரிந்தது. வயிறு சரியாக இருந்தது. புலாவ் பெசார் தீவுவரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. ஆற்றுவாய் தாண்டியதும் கப்பல் சாய்ந்தது. அப்போதுதான் கவனித்தேன் — இங்கே எல்லோரும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நகர்கிறார்கள். கயிறு, கட்டை, பக்கத்து ஆளின் தோள். பிடித்துப் பிடித்து நகர்வது எனக்குப் பிறவிப் பழக்கம் மாதிரி. சுக்கான் வரைக்கும் நானே போய்ச் சேர்ந்தேன். நக்கோடா அதை என் கையில் கொடுத்தார். கடல் பச்சையாக, சத்தமில்லாமல், மரத்துக்குள்ளிருந்து என் உள்ளங்கைக்கு வந்துகொண்டே இருந்தது. மலாக்கா ஊரே ஒரு கோயில் கோபுர அளவுக்குச் சின்னதாகி, பிறகு பொட்டளவானது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

அண்ணனை மறந்தே போனேன். திரும்பிப் பார்த்தால், தளத்தில் குப்புறக் கிடக்கிறான், வாந்தி எடுத்து முகம் வெளிறி. எழ முயன்று முயன்று விழுந்தான். "சாரதா, கொஞ்சம் புடிச்சுக்கம்மா," என்றான். ஒரு கையில் சுக்கான். மறு கையால் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

12 ஜனவரி 1958, ஞாயிறு

பொங்கல் துணி குவிந்து கிடக்கிறது. இருந்தாலும் காலையில் மறுபடியும் நக்கோடாவின் கப்பல்.

இந்த முறை பலகையில் ஏறியது மூன்று பேர். நானும், சண்டைக்காலத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதையில் ஒரு காலை விட்டுவந்த பொன்னுதுரை அண்ணனும், செமாபோக் ஊரிலிருந்து வந்த, கண் தெரியாத அன்னமும். அன்னத்திடம் சுக்கானைக் கொடுத்தோம். காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்பதை வைத்தே நேராகப் பிடித்தாள். பலகைக்கு நான் தைத்த பஞ்சுத்திண்டு நன்றாக இருக்கிறதாம்.

பலகை ஆடாமல் கரையிலிருந்து கயிறு பிடிப்பது சேதுபதி அண்ணன் வேலை. நீயும் வாயேன் என்று இன்றைக்கும் கூப்பிட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

"உங்களுக்கெல்லாம் சரி. எனக்கு அது ஆகாதும்மா."

பயப்படாதே, நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.